வீடு உன்ட வீடுதானே

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு படத்தில் நடித்திருக்கிறேன். அதுவும் கதாநாயகியாக. சிரிக்க வேண்டாம். அப்போது எனக்கு நாற்பது வயது, உயர்தரம் படிக்கிற ஒரு மகள், படியேறினால் முனகத் தொடங்கியிருந்த முழங்கால். இயக்குனர் என் தம்பி. அவன் முதலில் கேட்ட மூன்று பெண்பிள்ளைகளில் ஒருத்தியை வீட்டில் விடவில்லை, ஒருத்திக்குப் பரீட்சை, மற்றவள் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதில எனக்குப் பாட்டு ஒண்டும் இல்லையா?" என்று கேட்டாளாம். அதோடு அவன் கதைக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு நேரே என் குசினிக்கு வந்துவிட்டான்.

"அக்கா, நீங்க நடிங்க."

"எனக்கு நடிக்கத் தெரியாதுடா."

"நடிக்கத் தேவல்ல. பயந்தாக் காணும்."

கதை இதுதான். கல்யாணமான ஒரு பெண் கணவனின் பழைய வீட்டுக்கு வாழப் போகிறாள். அங்கே சாமான்கள் இடம் மாறுகின்றன. சாவி மாட்டியிருந்த ஆணி காணாமல் போகிறது. யன்னலடியில் கிடந்த கதிரை வேறு அறையில் கிடக்கிறது. ஒவ்வொன்று மாறும்போதும் அவள் கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைக்கிறாள். ஒருநாள் காலையில் பார்த்தால் அந்தக் கோடுகளும் இல்லை. கணவனோ கத்துவதில்லை, அடிப்பதில்லை. அன்பாக அவள் தோளில் கையை வைத்து, இங்கே அப்படி ஒன்றும் இருந்ததே இல்லை என்கிறான். அவளுக்குத் தன் புத்தியில் சந்தேகம் வருகிறது. தம்பி இதை உளவியல் த்ரில்லர் என்றான். நான் பேயில்லாத பேய்ப்படம் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

கோபப்படுகிற நிலையில்தான் அவன் இருந்தான். கத்தாரில் இருந்த கூட்டாளி ஒருவன் அவனுக்கு வேலை பார்த்துக் கடிதமும் அனுப்பியிருந்தான். மாத முடிவுக்குள் கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். தம்பி அந்தக் கடிதத்தைக் கதைக் கொப்பிக்குள்ளேயே வைத்திருந்தான்.

"படத்த நம்மட சனத்துக்குத்தான் முதல்ல போட்டுக் காட்டுவன்" என்று சொன்னான். "பாத்துப் பயந்தாங்கெண்டா இங்கயே நிண்டு இன்னொண்டு எடுப்பன். பயப்படல்லையெண்டா இதில கையெழுத்து வைப்பன்."

அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று மிஞ்சியிருந்த கூடப்பிறப்பு அவன் ஒருவன்தான். பத்து வயது இளையவன். இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவன் போகக்கூடாது என்பதற்காகத்தான் நான் நடிக்கச் சம்மதித்தேன். கலைக்காக என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படம் முழுவதும் அங்கேதான் எடுத்தோம். வாவிக்கரையில், அம்மா வாழ்ந்த வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். தமிழர் என்றாலும் முஸ்லிம்கள் என்றாலும் இந்த விஷயத்தில் எல்லோரும் ஒன்றுதான். அம்மாவின் தாய் அம்மாவுக்குக் கொடுத்தார், அம்மா எனக்குச் சீதனமாக எழுதினார். என் கணவர் ஒரு சூட்கேசோடு வந்து இறங்கியவர். இங்கே கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவதும் ஆண்கள்தான். என்னவர் இரண்டு முறை போயிருக்கிறார். இரண்டு முறையும் இராச்சாப்பாட்டுக்கு முன் திரும்பி வந்துவிட்டார்.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த தம்பி, கதையில் பெண்ணைக் கணவன் வீட்டுக்கு அனுப்பியிருந்தான். அது எனக்குக்கூட உறுத்தவில்லை. நாம் பார்க்கிற வெளியூர்ப் படங்களில் எப்போதும் பெண்தானே அழுதுகொண்டு காரில் ஏறிப் போகிறாள்? கொப்பியில் வாசித்தபோது எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

படப்பிடிப்பு பதினெட்டு நாள். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான பதினெட்டு நாள் இருந்திருந்தால் எனக்கு இப்போது ஞாபகம் வரவில்லை. கமராவும் கமராக்காரரும் இரவல். கணவனாக நடிக்க ஒப்புக்கொண்டிருந்த நாடக ஆசிரியர் முதல்நாளே காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். ஆகவே என் கணவரே என் கணவராக நடித்தார். அவர் உரக்கடை வைத்திருப்பவர். கடையிலிருந்து கறுப்புப் பொலித்தீன் சுருளைக் கொண்டுவந்து எல்லா யன்னல்களையும் மூடினார். பயங்கரமான இரவுக் காட்சிகள் எல்லாம் பகல் பதினொரு மணிக்கு, அந்தப் பொலித்தீனுக்குள் அவிந்துகொண்டு எடுத்தவை. என் முகத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்துவிட்டு, "நல்லாப் பயப்படுறீங்கக்கா" என்று தம்பி பாராட்டினான்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் நடந்துவரும் நேரம் பார்த்து வீதியில் மீன்காரர் ஹோர்ன் அடிப்பார். தம்பி தலையில் கையை வைப்பான். நான் அந்த வேஷத்தோடேயே வெளியே ஓடி இரண்டு கிலோ திரளி வாங்கிக்கொண்டு வருவேன். மத்தியானம் எல்லோருக்கும் சோறு போட வேண்டும் அல்லவா?

வீட்டுச் சாமான்கள் கதைக்குப் போதவில்லை. பழைய வீடு என்றால் பழைய சாமான் வேண்டும் என்றான். எதிர்வீட்டிலிருந்து பெரிய மணிக்கூடு வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து கண்ணாடி வைத்த அலுமாரி வந்தது. சேலைகள் ராத்தாவிடமிருந்து வந்தன. ராத்தா, அதாவது அக்கா, என்று நாங்கள் கூப்பிடுவது ஏறாவூரிலிருந்து சேலை கொண்டுவந்து விற்கிற ஒரு முஸ்லிம் பெண்ணை. என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாதத்துக்கு ஒருமுறை வருவார். பையை இறக்கி வைத்துத் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் சேலையை விரிப்பார். எங்கள் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு காட்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கோடுகள் மறைந்துபோன காட்சி. நான் நிலையில் கையை வைத்து, "இங்க கோடு இரிந்திச்சு" என்று சொல்ல வேண்டும். என் கணவர் பின்னால் வந்து, "அப்பிடி ஒண்டும் இங்க இரிக்கல்ல" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அவருக்கு அது வரவில்லை. கடையில் யூரியா முடிந்துவிட்டது என்று சொல்லுகிற குரலிலேயே அதையும் சொன்னார்.

"அத்தான், இப்பிடி வெடுக்கெண்டு சொல்லாதீங்க" என்றான் தம்பி. "பாசமாச் சொல்லுங்க. சின்னப் பிள்ளைக்கு வேறொரு அலுவலுக்குள்ள நிண்டு சொல்லுவாங்களே, அப்பிடி. அவக்கு நீங்க சொல்றத நம்பாம இரிக்க ஒண்ணாது."

நானும் சொல்லிக் கொடுத்தேன். அந்த 'ஒண்டும்' என்ற சொல்லைக் கொஞ்சம் இழுக்கச் சொன்னேன். ஏழாவது முறை சரியாக வந்தது. அவ்வளவு மென்மையாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. தம்பி கட் சொல்ல மறந்து நிலையையே பார்த்துக்கொண்டு நின்றான். நல்ல காட்சி கிடைத்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்தேன்.

படம் காட்டியது ஒரு சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, புளியந்தீவில் ஒரு மண்டபத்தில். அதே கறுப்புப் பொலித்தீன்தான் அங்கேயும் யன்னல்களுக்குப் போனது. நூறு கதிரை போட்டிருந்தோம். அது நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். அயலவர்கள், என் அலுவலகத்து ஆட்கள், தம்பியின் கூட்டாளிகள். இவர்களோடு வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து என் கணவரின் வாடிக்கையாளர்கள் பன்னிரண்டு பேர் பஸ் ஏறி வந்திருந்தார்கள். உரம் விற்கிற மனிதர் நடித்த படத்தைப் பார்க்காமல் விட அவர்களுக்கு மனம் வரவில்லையாம். ராத்தா சேலைப் பையோடேயே வந்து முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தம்பி கடைசியில், புரொஜெக்டருக்குப் பக்கத்தில், கைகட்டிக்கொண்டு நின்றான்.

படம் தொடங்கியது. நல்ல அமைதி. இருட்டான விறாந்தை, ஓடாத காற்றாடி, சுவரில் மணிக்கூடு. டிக், டிக் என்று சத்தம் மட்டும். தம்பி அந்தச் சத்தத்துக்காக மூன்று நாள் உழைத்திருந்தான்.

"அட, நம்மட மணிக்கூடு!" என்றது ஒரு குரல். எதிர்வீட்டுக்காரர். "இவங்கட வீட்டில ஓடுதே! நம்மட வீட்டில ஓடல்லையே!"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அதன் பிறகு பயமாவது ஒன்றாவது. அலுமாரி தெரிந்ததும் பக்கத்து வீட்டுப் பெண் எழுந்து நின்று தன் பிள்ளைகளுக்குக் காட்டினார். அந்த அலுமாரிக் கண்ணாடியில் ஒரு நிழல் கடந்து போகும், அதுதான் படத்தின் முதல் திடுக்கம். நிழல் போன நேரத்தில் பாதிப்பேர் அலுமாரி எந்த மரத்தில் செய்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சேலை மாற்றிக்கொண்டு வந்தபோதெல்லாம் ராத்தா என் துடையில் தட்டி, "இதுவும் நம்மடது" என்று கணக்குச் சொன்னார்.

நான் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம். அந்த மண்டபத்தில் உண்மையாகப் பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

பிறகு பெரிய காட்சி வந்தது. கணவன் கதவை வெளியே பூட்டுகிறான். நான் மூலையில் குந்தியிருந்து நடுங்குகிறேன். அவன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தணிந்த குரலில், "இது என்ட வீடு. என்ட அப்பாட வீடு. இதில எங்க என்ன இரிக்கு எண்டு எனக்குத் தெரியும்" என்கிறான்.

"பொய் சொல்லாத மச்சான்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "வரக்குள்ள ஒரு சூட்கேசோடதானே வந்தாய்!"

கூரை பிரிகிற அளவுக்குச் சிரிப்பு. மூன்று கதிரை தள்ளி இருந்த என் கணவர் கழுத்தைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார். திரையில் நான் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த நடுக்கத்தைப் பொறுக்க முடியாமல் ஒரு பெண் எழுந்துவிட்டார். யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஏன்கா இப்பிடிப் பயந்து சாகிறாய்? அவன வெளிய போகச் சொல்லு! வீடு உன்ட வீடுதானே!"

"ஓம் ஓம், பெட்டியக் கட்டிக் குடு!"

"தாய்ட வீட்ட போய்க் கொஞ்ச நாளைக்கு இரிக்கட்டும்!"

வெல்லாவெளிக்காரர்கள் கைதட்டினார்கள். பெண்கள் வரிசையிலிருந்து ஆளுக்கொரு யோசனை வந்தது. என்னைப் பைத்தியமாக்கத் தம்பி கட்டிய கதை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் சரிந்து விழுந்தது. சொந்த வீட்டில் ஒரு பெண் எதற்காகப் பயப்பட வேண்டும்? எங்கள் சனத்துக்கு அது விளங்கவே இல்லை. கடைசிக் காட்சியில் நான் வீட்டைவிட்டு ஓடும்போது, "போகாதகா, போகாத! நீ போனா அவன் இரிந்திருவான்!" என்று மன்றாடினார்கள். படம் முடிந்ததும் கைதட்டல் நிறையக் கிடைத்தது. நல்ல பகிடிப் படம் என்று ஒரு கனவான் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்தபிறகு கலந்துரையாடல் என்று அறிவித்திருந்தோம். அவன் முன்னால் வந்து நின்றான். யாரும் எதுவும் கேட்கவில்லை. என்ன கேட்பது? அப்போது ராத்தா கையை உயர்த்தினார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழும்பியும் நின்றார்.

"மகன், கோவிக்கப்படாது. நான் படிக்காத மனிசி. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சன். ஆனா சிரிச்சுப்போட்டு யோசிச்சன். நீங்க சொன்ன அந்தப் பயம் இரிக்குதானே, அது பொய்யில்ல. ஆனா அது பொம்புளைக்கு வாற பயமில்ல மகன். எங்கட பக்கத்தில அது ஆம்புளைக்கு வாற பயம். தாய்ட வீடு தங்கச்சிக்கோ ராத்தாக்கோ போயிரும். மறுகா பொஞ்சாதிட வீட்ட போய் இரிக்கணும். அங்க சாமான எங்க வெச்ச எண்டு கேக்க ஒண்ணாது. என்ட புரிசன் இருவது வரிசமாத் தன்ட தொப்பிய மாட்டுறதுக்கு ஒரு ஆணி அடிக்க என்னட்டக் கேட்டுத்தான் அடிக்கார். நீங்க அந்தப் பயத்துக்குச் சேலை உடுத்திப் போட்டீங்க. அதான் எங்களுக்கு அடையாளம் தெரியல்ல."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. ஆண்கள் சிலர் நிலத்தைப் பார்த்தார்கள்.

எனக்கோ அந்தக் கறுப்புப் பொலித்தீனை யாரோ கிழித்துவிட்ட மாதிரி இருந்தது. என் கல்யாணத்துக்கு முந்திய கிழமை கண்ணுக்கு முன் வந்து நின்றது. அவனுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டுக்கு வர்ணம் பூசினோம். என்ன நிறம், எந்த அறை யாருக்கு, எது எங்கே என்று எல்லாம் நான் சொன்னபடிதான். அவனுடையதாக இருந்த நடு அறை எங்களுக்கு என்று ஆனது. அவன் முன்னறைக்குப் போனான். யன்னலடியில் அவன் படிக்கிற கதிரையை எடுத்து வேறிடத்தில் போட்டோம். அவன் சைக்கிள் சாவி மாட்டுகிற ஆணியைப் பிடுங்கி, அந்த இடத்தில் கல்யாணப் படம் மாட்டினோம். நடு அறையின் நிலையில், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பா அவனை நிறுத்தி, தலையில் கொப்பியை வைத்து, பென்சிலால் உயரத்தைக் குறித்த கோடுகள் இருந்தன. ஒன்று முதல் பன்னிரண்டு வரை. அப்பாவின் கையெழுத்து. அப்பா போய் ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

வர்ணம் காயமுன் அவன் ஓடிவந்து கேட்டான். "அக்கா, என்ட கோடெல்லாம் எங்க?"

நான் அப்போது பலகாரத்துக்கு மா அளந்துகொண்டிருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அப்பிடி ஒண்டும் இங்க இரிக்கல்லடா" என்று சொன்னேன். அன்பாகத்தான் சொன்னேன். அந்த நேரத்துக்கு அவனை அனுப்பினால் போதும் என்று நினைத்துச் சொன்னேன்.

என் கணவருக்கு ஏழு முறை சொல்லிக் கொடுத்தது என்னுடைய வசனம்.

மண்டபத்தைக் கூட்டிப் பூட்டிவிட்டு, கணவரைச் சாமான்களோடு ஆட்டோவில் அனுப்பினோம். நானும் தம்பியும் பாலத்தால் நடந்து வந்தோம். வெயில் தாழ்ந்திருந்தது. வாவியில் இரண்டு தோணிகள் வலை இழுத்துக்கொண்டு நின்றன. பாதி தூரத்தில் நான் நேராகவே கேட்டேன்.

"நீ என்னப் பத்தித்தான் எழுதினாயா?"

"சத்தியமா இல்லக்கா." அவன் நின்றுவிட்டான். "நான் ஒரு பயங்கரமான கதை எழுதிறன் எண்டுதான் எழுதினன். அது எங்கேர்ந்து வருது எண்டு எனக்கே தெரியல்ல. அந்த நிலைக் காட்சி எடுக்கக்குள்ள என்னமோ செய்திச்சு. ஆனா ராத்தா சொன்னாப் பிறகுதான் விளங்கினது."

நான் அழுதேன். பாலத்தில் போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். படத்தில் அப்படி அழுதிருந்தால் எனக்குப் பரிசு கிடைத்திருக்கும். "அது உன்ட வீடும்தான்டா" என்றேன்.

"ஓமக்கா" என்றான், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில். வீட்டு உறுதிப் பத்திரத்தில் என் பெயர்தான் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருபது வருடத்துக்குக் கிட்ட நான் அதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் காலை நான் முதல் வேலையாக உரசுகிற தாளையும் ஒரு பழைய கத்தியையும் எடுத்துக்கொண்டு நிலைக்கு முன் உட்கார்ந்துவிட்டேன். மேலே பழுப்பு, அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே நான் கல்யாணத்துக்கு ஆசைப்பட்டுப் பூசிய நீலம். அதையும் சுரண்டினால் வெறும் மரம். கோடு இல்லை. பூசுகிறதற்கு முன் மரத்தை நன்றாக உரசியிருக்கிறார்கள். வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். தம்பி முன்னறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, நல்லெண்ணத்தோடு பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்பிடி ஒண்டும் இங்க இரிக்கல்ல போல" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முதலில் சிரித்தது தம்பிதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தான். நாங்களும் சிரித்தோம். வேறு என்ன செய்வது?

அவன் கடிதத்தில் கையெழுத்து வைத்தான். சனம் பயப்படவில்லை என்பதற்காக இல்லை என்று சொன்னான். "அவங்க சரியாத்தான் பாத்தாங்க. நான்தான் விளங்காம எடுத்திரிக்கன். எனக்கு ஒரு துண்டு வளவு வேணுமக்கா. ஒரு அறையெண்டாலும் காணும், என்ட கையால கட்டினதா இரிக்கணும்." நான் மறித்துப் பேசவில்லை. எந்த வாயால் மறிப்பேன்?

போகிற அன்று காலை ஒன்பது மணிக்கு வான் வந்து வாசலில் நின்றது. பெட்டிகளை ஏற்றிவிட்டார்கள். சாமிப்படத்துக்கு முன் கும்பிட்டுவிட்டு வந்தவனின் கையைப் பிடித்து நடு அறைக்கு இழுத்துப் போனேன்.

"சப்பாத்தக் கழட்டு."

"என்னக்கா, நேரம் போகுது."

"கழட்டுடா. நிலையோட ஒட்டி நில்லு. குதிக்கால் நிலத்தில படணும்."

அவனுக்கு விளங்கிவிட்டது. முப்பது வயது மனிதன், தாடியும் மீசையுமாக, நிமிர்ந்து நின்றான். எனக்கு எட்டவில்லை. குசினி ஸ்டூலைக் கொண்டுவந்து, முனகுகிற முழங்காலோடு ஏறி, அவன் தலையில் அந்தக் கதைக் கொப்பியைத் தட்டையாக வைத்து, பென்சிலால் கோடு போட்டேன். அப்பா போடுகிற மாதிரி, பக்கத்தில் '30' என்று எழுதினேன். அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். அதைக் கமராவில் எடுக்க யாரும் இல்லை.

அது நடந்து ஐந்து வருடமாகிறது. படத்தை அதற்குப் பிறகு ஒருவரும் மண்டபம் எடுத்துக் காட்டவில்லை. ஆனால் சந்தையில் என்னைக் காண்கிறவர்கள் இன்னும், "என்னகா, ஆள வெளிய அனுப்பிற்றாயா?" என்று கேட்கிறார்கள். என் கணவரின் கடையில் உரத்தின் விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள், உன்னைத் தாய் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுவோம் என்று அவரை மிரட்டுகிறார்களாம். அவர்கள் சிரிக்கும்போது எனக்கு அந்தப் பதினெட்டு நாளும், அந்த வேக்காடும், திரளி மீன் குழம்பும், தம்பியின் குரலும் ஞாபகம் வரும். பயப்படாத அந்தச் சனத்தின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

போன மாதம் மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. வீடு இனி அவளுடையது. மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வருவார். வர்ணம் பூச இரண்டு பேர் வந்தார்கள். நடு அறை நிலைக்கு அவர்கள் உரசுகிற தாளை எடுத்தபோது, நான் வாய் திறக்குமுன் மகள் குறுக்கே வந்து நின்றாள். "இது மாமாட நிலை. இத விட்டுட்டுப் பூசுங்க" என்றாள். அப்படிப் பூசினால் வடிவாக இருக்காது என்று அவர்கள் சொன்னார்கள். இல்லாமல் போகட்டும் என்றாள். சுவரில் ஒரு சின்னச் சதுரத்தை வெறுமையாக விட்டுவைத்திருக்கிறாள். வருகிறவர் தனக்கு வேண்டிய ஆணியை அங்கே தானே அடிக்கட்டுமாம்.

அன்று பின்னேரம் கத்தாரிலிருந்து வீடியோவில் தம்பி வந்தான். தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் ஏதோ கட்டடம். ஊரில் வாங்கின வளவுக்கு மதில் கட்டத் தொடங்கியதைப் பற்றிப் பேசினான். மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசினான். வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னான். புதிய நிறங்களைப் பார்த்தான். நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றான். பிறகு முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தான்.

"அக்கா... எல்லா இடமும் பூசிற்றீங்களா?"

அவன் என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். என் கணவர் கையில் வர்ணம் தோய்ந்த துணியோடு பக்கத்தில் நின்றார். துணியைக் கீழே போட்டுவிட்டு, போனை என் கையிலிருந்து வாங்கி, நிலைக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்தார். மற்றக் கையின் விரலை அந்தப் பென்சில் கோட்டுக்குக் கீழே வைத்தார்.

"இரிக்கு தம்பி" என்றார். "இங்கதான் இரிக்கு."

இந்த முறை ஒரே தடவையில் சரியாகச் சொன்னார்.